கல்லூரிப் பந்தும் கூலிப் பந்தும்

எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்தாட்டத் தளம் இருக்கிறது. மாலை நேரங்களில் உயர்தர வகுப்பு மாணவர் அங்கே கூடுவர். ஆடுவோர் பத்துப் பேரென்றால், மதிலோரத்தில் அமர்ந்து ஆட்டத்துக்குக் குற்றங்குறை சொல்வோர் முப்பது பேர். சென்ற தவணையில் ஒருநாள் நானும் அந்த மதிலோரத்துச் சபையில் சிறிது நேரம் நின்றேன். மாணவனொருவன் என்னைக் கேட்டான்:

“சேர், நீங்கள் இரண்டு வருஷம் அமெரிக்காவிலை இருந்தனீங்கள்தானே? எந்த ரீம் உங்கடை ரீம்?”

“கரோலினா” என்றேன்.

அவன் தன் கைத்தொலைபேசியில் என்.பி.ஏ. என்னும் தொழிற் கழகத்தின் முப்பது அணிகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு ரீம் இல்லையே, சேர். சார்லற் ஹோர்னெற்ஸைச் சொல்லுறீங்களோ?” என்றான். நான் சொல்வது வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் அணியை என்று விளக்கியபோது அவன் முகத்தில் ஓர் ஏமாற்றம் தோன்றிற்று. “ஓ, படிக்கிற பெடியளின்ரை ரீமா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உலகிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் கழகம் ஒன்று இருக்க, அந்நாட்டிலேயே வாழ்ந்தவர் ஒருவர் மாணவர் அணியொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்கு விந்தையாகத் தோன்றியது. அவன் மீது பிழையில்லை. அந்த நாட்டுக்குப் போன புதிதில் எனக்கும் அது விந்தையாகவே இருந்தது.

2008ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகச் சப்பெல் ஹில் என்னும் சிற்றூருக்குச் சென்றேன். ஊர் என்றாலே அங்கே பல்கலைக்கழகந்தான். நான் வாடகைக்கு எடுத்த அறை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டு மேன்மாடியில் இருந்தது. மனைவியை இழந்தவர்; பிள்ளைகள் தூர தேசங்களில். சிக்கனமும் ஒழுங்கும் நிறைந்த மனிதர். அவர் வீட்டில் ஒழுங்கு குலையும் காலம் ஒன்றே ஒன்றுதான்: கார்த்திகை பிறந்து பங்குனி முடியும் வரையுள்ள கூடைப்பந்தாட்டக் காலம்.

அவருடைய பக்தி இளமையிலே தொடங்கியது. 1957ஆம் ஆண்டு கல்லூரிகளின் தேசிய இறுதியாட்டத்தில் வட கரோலினா, கன்சாஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்தது. கன்சாஸ் பக்கத்தில் ஏழடிக்கு மேல் உயரமுள்ள வில்ற் சேம்பர்லின் ஆடினார். ஆட்டம் சமநிலையில் முடிய, மூன்று முறை மேலதிக நேரம் கொடுத்தார்கள். ஈற்றில் 54க்கு 53 என்று ஒரே ஒரு புள்ளியால் கரோலினா வென்றது. அவ்விரவு பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அயல் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தவர் எங்கள் தபாலதிபர். “அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை” என்பார், காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறவர் போல.

நான் சென்ற ஆண்டிலே ஊர் முழுவதும் ஒரே பேராய் இருந்தது. ரைலர் ஹான்ஸ்பரோ என்பது அப்பேர். முந்திய பருவத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராகத் தெரிவான இளைஞர் அவர். தொழிற் கழகத்துக்குப் போயிருந்தால் அப்போதே கோடிக்கணக்கில் உழைத்திருக்கலாம். போகவில்லை. நான்காம் ஆண்டையும் முடிப்பதற்காகத் திரும்பி வந்தார். கூட ஆடிய மூவர் அதே ஆண்டில் தொழிற் கழகத்தின் வாசல் வரை சென்று பார்த்துவிட்டு, அவரைப் போலவே திரும்பிவிட்டனர். முந்திய ஆண்டு அரையிறுதியில் கன்சாஸிடம் பட்ட தோல்வியை அவர்களால் மறக்க முடியவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

2009 ஏப்ரில் 6ஆந் திகதி இரவு டெற்றோயிற் நகரில் இறுதியாட்டம். மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தை 89க்கு 72 என்று கரோலினா வென்றது. வென்ற மறுகணம் ஊர் மக்கள் எல்லோரும் பிராங்ளின் வீதிக்கு ஓடினர். நானும் தபாலதிபரோடு ஓடினேன். வெளிர்நீலச் சட்டையணிந்த பல்லாயிரவர். பேராசிரியர்கள், துப்புரவுத் தொழிலாளர், கைக்குழந்தையோடு தாய்மார். வீதியின் நடுவிலே தீ மூட்டி அதனைச் சுற்றிக் குதித்தார்கள். என்னை முன்பின் அறியாத ஒருவர் கட்டித் தழுவி அழுதார். நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்கும்போது, நான் தனி மனிதன் என்ற நினைவே சிறிது நேரம் அற்றுப்போகுமல்லவா? அந்நிய நாட்டில் அந்த நிலையை அன்றுதான் அடைந்தேன். அன்றுமுதல் கரோலினா என் அணியாயிற்று.

அடுத்த குளிர்காலம் வந்தது. ஹான்ஸ்பரோ படிப்பை முடித்து, இந்தியானா மாநிலத் தொழில் அணியில் சேர்ந்திருந்தார். ஒருநாள் இரவு தொலைக்காட்சியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவ்வணியின் ஆட்டம் அகப்பட்டது. மஞ்சளும் நீலமுமான சட்டையில் நம் ஹான்ஸ்பரோ நின்றார். ஆவலோடு தபாலதிபரை அழைத்தேன். வந்தார், நின்றபடியே இரண்டு நிமிடம் பார்த்தார், பின்பு தேநீர் வைக்கப் போய்விட்டார்.

“உங்கள் பிள்ளை ஆடுகிறானே, பார்க்கவில்லையா?” என்றேன்.

“அவன் நன்றாயிருக்கட்டும். ஆனால் அது அவனுடைய உத்தியோகம். நான் தபால் முத்திரை குத்துவதை ஒருவரும் வந்து நின்று பார்த்ததில்லையே” என்றார்.

அந்த மறுமொழி எனக்கு வேடிக்கையாகவும் சற்றுக் கொடுமையாகவும் பட்டது. ஓராண்டுக்கு முன் எவனுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினாரோ, அவன் இப்போது மேலும் வல்லவர்களோடு ஆடுகிறான். இவருக்கோ தேநீர் பெரிதாய்விட்டது. ஏன் இப்படி என்று பின்னர் பல நாட்கள் அவரோடு வாதாடினேன். அவரும் அவருடைய நண்பர்களும் சொன்ன காரணங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது காரணம் உரிமை. கல்லூரி தன் ஊரைவிட்டுப் போகாது. தொழில் அணி போகும். மினியாபொலிஸ் நகரம் ஏரிகள் நிறைந்த நாட்டில் இருப்பதால் அதன் அணிக்கு லேக்கர்ஸ், அதாவது ஏரிக்காரர், என்று பேர் வந்தது. 1960இல் அந்த அணி லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஏரியில்லாத இடத்தில் ஏரிக்காரர் இன்றும் ஆடுகின்றனர். ஜாஸ் என்னும் இசை பிறந்த நியூ ஓர்லியன்ஸ் நகரின் அணி 1979இல் யூற்றா மாநிலத்துக்குப் போனபோது ஜாஸ் என்ற பேரையும் கூடவே கொண்டு போயிற்று. வட கரோலினாவின் சொந்தக் காயமும் ஒன்றுண்டு. சார்லற் நகரில் மக்கள் திரண்டு வளர்த்த ஹோர்னெற்ஸ் அணியை அதன் உரிமையாளர் 2002இல் நியூ ஓர்லியன்ஸுக்குக் கொண்டு சென்றார். இரண்டாண்டுகளின் பின் அங்கே பொப்கற்ஸ் என்ற புதிய அணியொன்று அமைக்கப்பட்டது. ஹோர்னெற்ஸ் என்ற பழைய பேர் ஊருக்குத் திரும்பியது 2014இலேதான். “நாளைக்கு வண்டியேறிப் போகக்கூடியவனோடு நான் ஏன் உறவு கொண்டாட வேண்டும்?” என்று கேட்டார் தபாலதிபர்.

இரண்டாவது காரணம் அருமை. தொழிற் கழகத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடுகிறது. அதன்பின் வரும் சுற்றுகளில் ஏழாட்டத்தில் நான்கை வென்றவரே மேலே செல்வர். வல்லவன் ஒருநாள் சறுக்கினாலும் மறுநாள் ஈடுசெய்து கொள்ளலாம். நியாயமான முறைதான். ஆயின் செவ்வாய்க்கிழமைத் தோல்வி வியாழக்கிழமை மறந்துபோகும். கல்லூரி அணி ஆடுவதோ அதில் அரைவாசிக்கும் குறைவு. பருவ முடிவில், பங்குனி மாதத்துப் பெருஞ்சுற்றில், ஒருமுறை தோற்றால் அத்தோடு வீடு. இறுதியாண்டு மாணவனுக்கு அதுவே அச்சட்டையோடு கடைசி நாளுமாகும். 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அச்சுற்றில் இப்பொழுது 68 அணிகள் கலந்துகொள்கின்றன. அறுபத்துநான்கு அணிகள் ஆடத்தொடங்கிய 1985 முதல் 2017 வரை, பிரிவொன்றின் முதல் தர அணியைப் பதினாறாந் தர அணி வென்றதேயில்லை. 2018இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்ற்றிமோர் வளாகத்து அணி, நாட்டின் முதலிடத்திலிருந்த வேர்ஜீனியாவை 74க்கு 54 என்று வீழ்த்திற்று. அவமானப்பட்ட அந்த வேர்ஜீனியா மறு ஆண்டே நாட்டின் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. ஓரிரவில் எல்லாம் முடிந்துவிடலாம் என்ற அச்சமே பார்ப்பவனைக் கதிரை நுனியில் இருத்துகிறது.

மூன்றாவது காரணம், தோல்விக்குப் பரிசளிக்கும் ஏற்பாடு. தொழிற் கழகத்தில் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது, பின்தங்கிய அணிகளுக்கே முதல் வாய்ப்புக் கிடைக்கிறது. நலிந்தவனுக்கு உதவும் நல்ல நோக்கந்தான். ஆனால் இடைநடுவில் நிற்பதைவிட அடியில் கிடப்பதே இலாபம் என்று சில அணிகள் கணக்குப் போடத் தொடங்கின. 1985 முதல் சீட்டுக் குலுக்கல் முறையைப் புகுத்தியும் அந்தக் கணக்கு முற்றாக ஒழியவில்லை. சார்லற்றின் பொப்கற்ஸ் அணி 2011-12 பருவத்தில் 66 ஆட்டங்களில் ஏழைத்தான் வென்றது. கழக வரலாற்றில் விகிதத்தால் இதனிலும் தாழ்ந்த பருவம் வேறில்லை. அவ்வணியின் பெரும்பங்கு உரிமையாளரோ கரோலினாவின் செல்லப்பிள்ளை மைக்கேல் ஜோர்டான்! அவ்வாண்டின் குலுக்கலில் முதலிடம் விழுந்தது எவருக்கு? சார்லற்றிடமிருந்து அணியைக் கொண்டுபோன அதே நியூ ஓர்லியன்ஸுக்கு. நான் நாடு திரும்பிய பின் நடந்த இச்சங்கதியைத் தபாலதிபர் எனக்கெழுதிய கடிதத்தில் ஒரு வியப்புக்குறியும் இல்லாமல் எழுதியிருந்தார்.

நான்காவது காரணம் ஆட்டத்தின் இயல்பு. தொழிற் கழகத்தில் பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். 1954இல் வந்த அந்த விதிக்கு நல்ல காரணம் இருந்தது. 1950இல் நடந்த ஆட்டமொன்று, ஒருவரும் எறியாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றமையால், 19க்கு 18 என்று முடிந்து சனங்களைச் சலிப்படையச் செய்தது. கல்லூரிகளில் நான் இருந்த காலத்தில் 35 வினாடி. 2015 முதல் 30 வினாடி. இந்தச் சில வினாடி வேறுபாடு ஆட்டத்தின் முகத்தையே மாற்றுகிறது. அவகாசம் குறைந்த இடத்தில் தனியொருவனின் மின்னல் வேகமும் அசாத்தியத் திறமையும் மேலோங்கும். அவகாசம் உள்ள இடத்தில் ஐந்து பேரின் கூட்டு வேலை தெரியும். கரோலினாவில் 36 ஆண்டு பயிற்றுநராயிருந்த டீன் ஸ்மித், பந்தைக் கூடைக்குள் போட்டவன் தனக்கு அதனைக் கொடுத்தவனை விரல் நீட்டிக் காட்டி நன்றி சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தார். இன்று உலகெங்கும் ஆட்டக்காரர் செய்யும் அச்சைகை பரவியதில் அவருடைய பள்ளிக்குப் பெரும் பங்குண்டு.

இவையெல்லாம் சரி. ஆயினும் ஓர் ஆசிரியன் ஒரு பக்கத்து வழக்கை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாகாது.

திறமை என்று பார்த்தால் எதிர்வாதமே இல்லை. கல்லூரிகளில் ஆடும் ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிலரே தொழிற் கழகத்தில் ஓரிடம் பெறுகின்றனர். கரோலினாவில் தெய்வமாயிருந்த ஹான்ஸ்பரோ அங்கே ஏழாண்டு காலம் பெரும்பாலும் மாற்றாளாகவே இருந்து, பின்னர் சீன நாட்டுக்குச் சென்று ஆடினார். கல்லூரி ஆட்டத்தை மட்டும் பார்ப்பவன், கலையின் முழு உயரத்தையும் காணாமலே திருப்தியடைகிறான் என்று என் மாணவன் சொன்னால் மறுப்பதற்கில்லை.

தூய்மை என்ற வாதமும் நன்றாய் ஆராயத் தக்கது. 1950இல் நியூயோர்க் நகரக் கல்லூரி அவ்வாண்டின் இரு பெரும் தேசியப் போட்டிகளையும் வென்றது. அதற்கு முன்னும் பின்னும் வேறெவரும் ஒரே ஆண்டில் செய்யாத சாதனை அது. மறு ஆண்டே அவ்வணியினர் சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்தாடினர் என்பது வெளிவந்தது. வேறு கல்லூரிகளும் அகப்பட்டன. பணம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை என்பது உண்மையன்று.

அன்றியும், பணம் இல்லாமலா இருந்தது? நான் அங்கிருந்த 2010ஆம் ஆண்டிலேயே, பங்குனிச் சுற்றைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை 14 ஆண்டுக்கு 1,080 கோடி டொலருக்கு விலைபோயிற்று. பயிற்றுநர்கள் பெருஞ்சம்பளம் பெற்றனர். ஆடிய பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் மட்டுமே. ஊதியம் வேண்டாத விளையாட்டு என்று நாங்கள் போற்றிய புனிதத்தின் செலவை, உண்மையில் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளே தாங்கிக்கொண்டிருந்தனர். அவர்களிற் பலர் வறிய குடும்பத்தினர். ஹான்ஸ்பரோ நான்காம் ஆண்டு தங்கியதை நாம் கொண்டாடலாம். முதலாண்டு முடிந்ததும் தாயின் வீட்டுக் கடனைத் தீர்க்கப் புறப்படுகிறவனைப் பழிக்க நமக்கென்ன உரிமை?

2021இல் இந்த ஏற்பாடு ஆட்டங்காணத் தொடங்கிற்று. அமெரிக்க உயர் நீதிமன்றம் கல்லூரிச் சங்கத்தின் கட்டுப்பாடுகளுக்கு எதிராக ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. சில நாட்களின் பின் மாணவர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருளீட்ட அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025-26 ஆண்டில் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை தன் விளையாட்டு வீரருக்கு நேரடியாகவே வழங்க அனுமதிக்கப்பட்டது. ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று பல்கலைக்கழகம் மாறுவதும் எளிதாகிவிட்டது. கல்லூரிப் பந்துக்கும் கூலிப் பந்துக்கும் நடுவே இருந்த வேலி சாய்ந்துவிட்டது எனலாம். இனிப் பழைய இரசிகர்கள் கல்லூரி ஆட்டத்தையும் கைவிடுவார்களா?

பணமே காரணமென்றால் கைவிடுவார்கள். ஆனால் பணம் மட்டும் காரணமன்று என்பதற்கு ஒரு சான்றுண்டு. அயோவா மாநிலத்தில் பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே நான்காண்டு ஆடியவர் கெயிற்லின் கிளார்க் என்னும் பெண். 2024இல் அவர் ஆடிய கல்லூரிப் பெண்கள் இறுதியாட்டத்தை 1 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். அவ்வாண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தோரிலும் அது கூடிய தொகை. அதே ஆண்டில் அவர் இந்தியானாவின் தொழில் அணிக்குச் சென்றபோது, இரசிகர்கள் அப்படியே எழுந்து அவர் பின்னே சென்றார்கள். தேநீர் வைக்க ஒருவரும் போகவில்லை. நான்காண்டு பார்த்துப் பழகி, அந்தப் பிள்ளையைப் பிள்ளையாகவே அறிந்துகொண்டவர்களுக்குச் சட்டையின் நிறம் மாறியது தடையாகவில்லை.

இதைப் பார்த்தபோது, பல்லாண்டாய் என் மனத்திலிருந்த கேள்வி வேறு வடிவம் கொண்டது. நாம் நேசித்தது பிள்ளையையா, அவன் அணிந்த சட்டையையா?

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நாடகத்திலும் விவாதத்திலும் அவனுக்கு இணையில்லை. அவன் மேடையேறினால் கல்லூரியே திரண்டு வரும். பக்கத்துக் கல்லூரிகளோடு நடந்த போட்டிகளில் அவன் வென்று கொடுத்த கேடயங்கள் இன்றும் அதிபர் அறையில் இருக்கின்றன. அவனுக்காக இரவிரவாக நாடகப் பிரதி திருத்தியிருக்கிறேன். அவன் பல்கலைக்கழகம் போய், பின்பு கொழும்பில் நிதிக் கம்பனியொன்றில் வேலையேற்றான். அதன் பின் நான் அவனைப்பற்றி விசாரித்ததேயில்லை. அடுத்த நாடகம், அடுத்த மாணவன் என்று என் கவனம் போய்விட்டது.

ஒருநாள் கொழும்பில், காலி வீதியில், “சேர்!” என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். கழுத்துப்பட்டியும் தோட்பையுமாக அவன் நின்றான். வீட்டுச் சுகம் விசாரித்தான். கல்லூரியைப் பற்றிக் கேட்டான். இவ்வருடம் யார் நாடகத்தில் கதாநாயகன் என்றுகூடக் கேட்டான். நான் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். விடைபெறும்போது சிரித்துக்கொண்டே, “நான் என்ன வேலை செய்யிறன் எண்டு நீங்கள் கேக்கவேயில்லையே, சேர்” என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறியபின் எனக்குத் தபாலதிபரும் அவருடைய தேநீர்க் கேத்திலும் நினைவுக்கு வந்தன. அவரைக் கொடுமையென்று எண்ணிய நான், அதே கொடுமையை அறியாமலே செய்து வந்திருக்கிறேன்.

தபாலதிபரின் கதை அத்தோடு முடியவில்லை. 2015 பெப்ரவரியில் டீன் ஸ்மித் காலமானார். 1984இல் ஜோர்டான் படிப்பு முடிய ஓராண்டு இருக்கையில் தொழிற் கழகத்துக்குச் சென்றாரல்லவா? போவதே உனக்கு நல்லது என்று ஊக்கியவர் அந்த ஸ்மித்தே. தன் அணிக்கு நட்டமென்று தெரிந்தும் பிள்ளையின் இலாபத்தைப் பார்த்தவர். அவர் காலமான அடுத்த மாதம், அவரிடம் ஆடிய பழைய மாணவர் ஏறத்தாழ 180 பேருக்கு ஆளுக்கு 200 டொலர்க் காசோலை தபாலில் வந்தது. புகழ்பெற்றவருக்கும் பெயர் தெரியாதவருக்கும் ஒரே தொகை. வெளியே சென்று ஒருவேளை நன்றாய்ச் சாப்பிடுங்கள் என்பதே மரண சாசனத்தில் அவர் எழுதி வைத்திருந்த விருப்பம்.

இதனைத் தபாலதிபர் எனக்கு எழுதியபோது, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “சட்டையைக் கழற்றிய பிறகும் அவர்களை அவர் எண்ணிக்கொண்டேயிருந்திருக்கிறார். நான் எண்ணவில்லை.”

அந்த ஆண்டின் இறுதியில், ஊழ் என்றே சொல்லவேண்டும், ஹான்ஸ்பரோ சார்லற் அணிக்கு ஆட வந்தார். எழுபது வயதுத் தபாலதிபர் வாழ்நாளிலே முதன்முறையாக நுழைவுச்சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வழியைத் தாமே காரோட்டிச் சென்று ஒரு தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்தார். ஹான்ஸ்பரோ அன்று பெரும்பகுதியும் வாங்கிலேயே இருந்தாராம். சில நிமிடமே ஆடினாராம். இசையும் விளம்பரமும் காதைத் துளைத்தன, ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதினார். ஆனால் அந்தச் சில நிமிடமும் எழுந்து நின்று கைதட்டினாராம்.

அண்மையில் பரீட்சை வேலையாகக் கொழும்பு சென்றபோது, அந்தப் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். வெள்ளவத்தையிலுள்ள சைவக் கடையொன்றில் இருவரும் இரவுச் சாப்பாட்டுக்கு அமர்ந்தோம். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். கடன் வாங்கித் தவணை தவறியவர்களோடு பேசி, அவர்கள் செலுத்தக்கூடிய வழியொன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவனுடைய வேலை. ஒரு மணி நேரம் அதைப்பற்றிச் சொன்னான். கோபத்தோடு வருபவரிடம் எப்படிக் குரலைத் தாழ்த்துவது, அழுபவரிடம் எவ்வளவு நேரம் மௌனமாயிருப்பது என்று அவன் விவரித்தபோது, எங்கள் மேடையில் அவன் கற்றது இன்னும் அவனிடம் இருப்பதைக் கண்டேன். கேடயம் தராத மேடை. பார்க்க ஒருவருமில்லாத மேடை.

காசு கொடுக்க அவன் எழுந்தான். நான் விடவில்லை. “இது டீன் ஸ்மித்தின் காசு” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. கதையை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் கதவு சாத்தத் தொடங்கிவிட்டார்.

இப்போதும் என் அணி கரோலினாதான். தொழிற் கழகத்து ஆட்டம் எனக்கு இன்றும் அவ்வளவாகச் சுவைப்பதில்லை. சுவையைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விடுதிப் பின்புறத்து மதிலோரத்தில் அந்த மாணவன் தன் கைத்தொலைபேசியை நீட்டும்போது, கரோலினாவில் ஆடிய பிள்ளைகள் எவரேனும் அதில் ஆடுகிறார்களா என்று கேட்கிறேன். இருந்தால், அவர்கள் வாங்கிலிருந்து எழுந்து வரும்வரை நின்று பார்க்கிறேன்.